கீழக்கரையில் கேசட் மாற்றித்தரும் கடை: வேலை தரமானது, கூடத் தரும் பென் டிரைவ் வேண்டாம்

பழைய ஒலிநாடாக்களையும் ஒலிப்பதிவுக் கூடங்களின் குறுந்தகடுகளையும் இன்றைய கணினிக் கோப்புகளாக மாற்றித்தரும் சிறிய கடை ஒன்று கீழக்கரையில் இயங்கி வருகிறது. மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் பகுதியினர் இந்த வேலைக்கு மதுரை வரை போக வேண்டியிருந்த நிலையை இக்கடை மாற்றியிருக்கிறது. எங்கள் ஊரில் திரட்டி வைத்திருந்த கேசட்டுகளையும் தகடுகளையும் அங்கே கொடுத்து வாங்கிய அனுபவத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வேலையின் தரத்தைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் நல்ல கருத்துத்தான். ஆனால் முடித்த வேலையோடு சேர்த்துக் கடைக்காரர் இலவசமாகத் தரும் ஒரு பொருள் சட்டத்துக்குப் பொருந்தாதது. அதை வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் தம்மைத் திருத்திக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் நாடா வேலை. கேசட்டைக் கையில் வாங்கியவுடன் கருவியில் போட்டு ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதே இவரிடம் நான் கண்ட முதல் நல்ல பழக்கம். நம் கரையில் பீரோவுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படிந்திருக்கும்; நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டின் பசை விட்டுப்போயிருக்கும்; உப்புக்காற்றில் திருகாணிகள் துருவேறியிருக்கும். அவர் உறையைத் திறந்து, தேவைப்பட்டால் நாடாவை வேறொரு நல்ல உறைக்கு மாற்றி, ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னுமாகச் சுற்றித் தளர்த்திய பிறகே ஓட்டுகிறார். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பாக ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதோடு, அந்த நாடா பதிவான கருவியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதற்கு ஏற்பத் தம் கருவியின் ஹெட்டின் கோணத்தையும் காதால் கேட்டுத் திருத்துகிறார். யுஎஸ்பி கேசட் பிளேயர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இதே தொழிலைச் செய்வோர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். கோணம் தவறினால் உச்ச ஒலிகள் மங்கி, பாடியவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகத் தருகிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மெகாபைட் ஆகும் இந்த வடிவத்தில், 90 நிமிடக் கேசட் ஒன்றின் இரு பக்கங்களும் ஒன்றரை ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். கைப்பேசியில் கேட்பதற்குத் தனியாக எம்பி3 கோப்புகளும் உண்டு. நாடா எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் பதிவுக்கும் ஆகும் என்பதால் அவசரப்படுத்திப் பயனில்லை.

இரைச்சல் நீக்கத்தில் மட்டும் எனக்கு அவரோடு ஒரு சிறு வாதம் நேர்ந்தது. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகள் எங்கள் கேசட்டுகளில் இருந்தன. பாட்டுக்கு முன்னால் வரும் சில விநாடிகளை இரைச்சலின் மாதிரியாக எடுத்துக்கொண்டு மென்பொருள் அதைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். அந்தச் சில விநாடிகளில் இருந்ததோ அலையோசை. விளைவாகக் கடலும் போயிற்று, குரல்களும் நீருக்குள் முங்கிக் குமிழ்விடுவது போல ஆகிவிட்டன. சொன்னவுடன் ஒப்புக்கொண்டு, கைவைக்காத மூலப் பதிவையே தலைமைப் பிரதியாகத் தந்தார். இந்தக் கடைக்குப் போகிறவர்கள் மூலப் பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் கடல் ஓசை போன்ற சமுதாய வானொலி இயங்கும் கரையில், இத்தகைய பதிவுகள் நாளை யாருக்கு எந்த வடிவில் தேவைப்படும் என்பதை இன்றே முடிவு செய்துவிட முடியாது.

இனி, இக்கடையின் உண்மையான சிறப்பு. ராமநாதபுரத்தில் இருந்து பின்னர் மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பாடகர்களை வைத்துப் பதிவு செய்த பாடல்களைத் தகடுகளில் எரித்துக் கொடுத்திருந்தது. அவற்றில் குரல், தபேலா, கீபோர்டு ஆகியவை தனித்தனி வேவ் கோப்புகளாகவும், எந்தத் துண்டு எந்த நொடியில் தொடங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்ற விவரம் கூல் எடிட் புரோ மென்பொருளின் செஷன் கோப்பாகவும் இருந்தன. வேவ் கோப்பை எந்தக் கணினியிலும் திறக்கலாம். செஷன் கோப்பை அப்படித் திறக்க முடியாது. அது இல்லாவிட்டால் துண்டுகளை எல்லாம் காதால் கேட்டுக் கேட்டு அடுக்க வேண்டும்.

கடைக்காரர் துபாயில் வேலை பார்த்த காலத்தில் பணம் கட்டிப் பதிவு செய்த கூல் எடிட் புரோ, இணையத்தோடு இணைக்கப்படாத விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் இன்றும் இயங்குகிறது. பதிவுச் சான்றையும் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால் காட்டுகிறார். அந்தக் கணினியில் எங்கள் செஷன்களைத் திறந்து, ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை முழு நீள வேவ் கோப்பாக எழுதித் தந்தார். இப்படி எழுதிய தடங்களை இன்றைய எந்த ஒலித்தொகுப்பு மென்பொருளிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் போதும், எல்லாம் தாமாகவே இசைந்து நிற்கும். சென்னையில்கூட இதை எத்தனை இடங்களில் பொறுமையாகச் செய்வார்கள் என்பது சந்தேகமே. இந்த ஒரு வேலைக்காகவே கடையைப் பரிந்துரைக்கலாம்.

குறை இதற்கு அடுத்த படியில் வருகிறது. வேலையை முடித்துக் கொடுக்கும் பென் டிரைவில், எங்கள் பாடல்களுக்குப் பக்கத்திலேயே "பழைய சாஃப்ட்வேர்" என்ற பெயரில் ஒரு உறை (ஃபோல்டர்) இருந்தது. அதில் கூல் எடிட் புரோவின் நிறுவல் கோப்பு, இன்னும் சில பழைய ஒலி மென்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு யாரோ ஒருவர் பெயரிலான பதிவு எண் எழுதிய உரைக்கோப்பு ஆகியவை இருந்தன. இது எதற்கு என்று கேட்டேன். "அந்தக் கம்பெனியே இப்ப இல்லையே தம்பி, யாரு வந்து கேக்கப் போறாங்க? செஷனைத் திறக்கணும்னா நாளைக்கு உங்களுக்கு உதவுமே" என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் இரண்டு பகுதிகளுமே சரியல்ல.

கம்பெனி இல்லை என்பதை முதலில் பார்ப்போம். கூல் எடிட்டை உருவாக்கிய அமெரிக்காவின் சின்ட்ரிலியம் நிறுவனம் இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் மென்பொருளை 2003 மே மாதத்தில் அடோபி 1.65 கோடி டாலருக்கு வாங்கி, அதே ஆண்டிலேயே ஆடிஷன் என்ற பெயரில் வெளியிட்டது. எனவே உரிமையாளர் இருக்கிறார். உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒருவராகவே இருக்கிறார். விற்பனை நின்றுவிட்டது, உதவி கிடைப்பதில்லை, அந்தப் பெயரே மறைந்துவிட்டது என்பதெல்லாம் உரிமை கைமாறியதன் அடையாளங்களே அன்றி உரிமை ஒழிந்ததன் அடையாளங்கள் அல்ல. கீழக்கரைத் தெருக்களில் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருப்போரின் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டில் துரு ஏறியிருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே போய்க் குடியேறிவிடுவதில்லை.

ஒலி மென்பொருள் உலகில் இப்படிக் கைமாறுவது வழக்கமான ஒன்று. லாஜிக் மென்பொருளை உருவாக்கிய ஜெர்மனியின் இமேஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியதும், விண்டோஸ் பதிப்பை வைத்திருந்தோர் நடுவழியில் விடப்பட்டார்கள். சோனார் என்ற இசைத்தொகுப்பு மென்பொருளைத் தந்த கேக்வாக் நிறுவனத்தின் கதை இன்னும் தெளிவானது. அதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அறிவித்தபோது, சோனார் மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் அதன் அறிவுசார் உரிமைகளை வாங்கியது. சில வாரங்களில் அந்த மென்பொருள் வேறு பெயரில் இலவசமாகவே வெளிவந்தது. இடைப்பட்ட மாதங்களில் "இது செத்துப்போன மென்பொருள்" என்று சொல்லி உடைத்த பிரதியைப் பகிர்ந்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவர் பகிர்ந்தது உயிருள்ள உரிமையாளரின் சொத்தாகவே இருந்திருக்கும். கைவிடப்பட்டது என்பது வெளியிலிருந்து நாம் ஒட்டும் சீட்டு. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையிலேயே சேர்த்திருக்கிறது. ஆகவே அதன் பாதுகாப்புக் காலம் பத்து இருபது ஆண்டுகளில் முடிவதில்லை. இலக்கியப் படைப்புக்கு உள்ள 60 ஆண்டுக் கணக்கு அதற்கும் பொருந்தும். அயல்நாட்டுப் படைப்புகளுக்கும் பன்னாட்டு உடன்படிக்கைகளின் வழியாக இங்கே அதே பாதுகாப்பு உண்டு. உரிமையாளர் தம் உரிமையைத் துறக்க விரும்பினால் அதற்கும் 21-ஆம் பிரிவு வழி சொல்கிறது: பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய அறிவிப்பு கொடுக்கலாம், அல்லது பொது அறிவிப்பாக வெளியிடலாம். எதையும் சொல்லாமல் விற்பனையை நிறுத்திக்கொள்வது துறத்தல் ஆகாது.

யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற இரண்டாம் பகுதி, நடைமுறையில் பெரும்பாலும் மெய்யாகிவிடும். மூன்று தலைமுறைக்கு முந்தைய பதிப்புக்காக அடோபி நிறுவனம் கீழக்கரைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் வழக்கு வராது என்பது வேறு, செயல் சட்டப்படியானது என்பது வேறு. உரிமை மீறலுக்கு 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தொழிலின் போக்கில் ஈட்டத்துக்காகச் செய்யப்படாதபோது நீதிமன்றம் சிறப்புக் காரணம் காட்டி இதைக் குறைக்கலாம். மீறல் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு 63பி என்ற தனிப் பிரிவே இருக்கிறது: குறைந்தது 7 நாள் சிறை, அதோடு அபராதம். அங்கும் ஈட்டத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்குச் சிறையை விடுத்து அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடமுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, இலவசமாகத் தந்தாலும் கடைக்காரர் அதைத் தம் தொழிலின் பகுதியாகவே தருகிறார் என்பதுதான். வாங்கிப் போகிறவர் ஒரு திருமண ஒளிப்பதிவாளராகவோ, மைக் செட் வைத்திருப்பவராகவோ இருந்தால் அவருக்கும் அந்தச் சலுகை கிட்டும் என்று நம்ப முடியாது.

இதே கடையில் இதே மென்பொருள், முன்னறைக் கணினியில் சட்டப்படியும் பென் டிரைவில் சட்டத்துக்குப் புறம்பாகவும் இருப்பதே இதில் சுவையான செய்தி. நிரலின் ஒரு பிரதியைச் சட்டப்படி உடைமையாக வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அதற்காகப் பயன்படுத்தவும், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளவும் 52(1)(ஏஏ) பிரிவு அனுமதிக்கிறது. உப்புக்காற்றில் ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாத நம் ஊரில், காக்கா தம் நிறுவல் தகட்டைப் படியெடுத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். சட்டமும் அதன் பக்கமே நிற்கிறது. அந்தக் காப்புப் பிரதி வாடிக்கையாளரின் சட்டைப்பைக்குப் போகும்போதுதான் நிலைமை மாறுகிறது.

இதே மயக்கம் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்ததுண்டு. 2013 ஜனவரியில், பழைய பதிப்புகளைச் செயற்படுத்தும் சர்வர்களை நிறுத்திவிட்ட அடோபி, செயற்படுத்தத் தேவையில்லாத பிரதிகளைப் பதிவு எண்களோடு தன் தளத்திலேயே வைத்தது. ஆடிஷன் 3-உம் அவற்றில் ஒன்று. அடோபி எல்லாவற்றையும் இலவசமாக்கிவிட்டது என்று செய்தி பரவ, ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவர்களுக்காக மட்டுமே அவை வைக்கப்பட்டன என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று. உரிமையாளரே தம் கையால் திறந்த கதவுகூட எல்லோருக்குமான கதவாக இருக்கவில்லை என்றால், நாம் நகலெடுத்து நீட்டுவதைப் பற்றி என்ன சொல்ல?

பென் டிரைவில் இருந்தவை எல்லாமே குற்றம் என்றும் சொல்லமாட்டேன். கூல் எடிட் 96 போன்ற ஷேர்வேர் பதிப்புகள், ஒருமுறை திறந்தால் தேர்ந்தெடுத்த இரண்டு செயல் தொகுதிகள் மட்டுமே இயங்கும் என்ற வரம்போடு வந்தவை. மற்றவர்களும் சோதித்துப் பார்க்கட்டும் என்று மாற்றமின்றிப் பகிர்வதற்கு இத்தகைய சோதனைப் பதிப்புகள் பலவற்றின் உரிம ஆவணமே இடம் தந்தது. அந்த ஆவணத்தைப் படித்து, அனுமதி இருந்தால் மூலத் தொகுப்பை அப்படியே தரலாம். பக்கத்தில் யாரோ ஒருவரின் பதிவு எண்ணை வைத்துத் தருவதைத்தான் எந்த உரிமமும் அனுமதிக்காது.

சட்டத்தின் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. உண்மையாகவே உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பைப் பதிப்பிக்க 31ஏ பிரிவின்படி உரிமம் கோரலாம். ஆனால் பழைய செஷன் ஒன்றைத் திறப்பதற்காக ஒரு மைக் செட் கடைக்காரர் அந்த வழியில் ஏறி இறங்குவார் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். 2012 திருத்தம் வணிக நோக்கற்ற பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடம் தந்தது, ஆனால் நூலகத்தில் அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மென்பொருளுக்கு டிஜிட்டல் அல்லாத பிரதி எங்கிருந்து வரும்? பழைய மென்பொருளைப் பாதுகாக்க நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அதற்குள் வைத்த தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதற்கு அமெரிக்காவில் 2018-இல் விலக்கு கிடைத்தது. நம் சட்டம் அந்தத் தேவையை இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

டாங்கிள் விவகாரமும் இதோடு சேர்ந்தது. காக்காவிடம் இன்னொரு இசைத் தொகுப்பு மென்பொருளின் பெட்டி இருக்கிறது. அதை இயக்க, கணினியின் பிரிண்டர் துளையில் செருகும் டாங்கிள் என்ற சிறிய சாவி வேண்டும். சாவியின் ஊசிகள் துருப்பிடித்துவிட்டன, அந்தத் துளையுள்ள கணினியும் இப்போது கிடைப்பதில்லை. பழுதான, வழக்கொழிந்த டாங்கிள்களுக்கு அமெரிக்காவில் 2003-லேயே விலக்கு தந்தார்கள். நம் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத்தான் தண்டிக்கிறது; சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்கு அது தடை இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர் தம் சொந்தப் பிரதியைத் தாமே இயக்கிக்கொள்வது இந்த வரம்புக்குள் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனால் அதைப் பிறருக்காகச் செய்துகொடுப்பவர், செய்து வாங்குபவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. கடையில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. வாடிக்கையாளரின் டாங்கிள் மென்பொருளையும் சரிசெய்து தருவேன் என்று அவர் சொல்வதால், ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்குவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த உறை எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டுப் பார்த்தால், தேவையே இல்லை என்பதுதான் விடை. தடங்களை முழு நீள வேவ் கோப்புகளாக எழுதித் தந்த அந்த நொடியிலேயே எங்கள் பாடல்கள் கூல் எடிட்டின் பிடியிலிருந்து விடுபட்டுவிட்டன. அவற்றை, யாரும் பயன்படுத்தவும் பகிரவும் இடம்தரும் பொதுமக்கள் உரிமத்தில் (ஜிபிஎல்) 2000-ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து நானே அடுக்கிப் பார்த்தேன்; ஏற்ற இறக்கம் உட்பட எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆடாசிட்டியின் நிறுவல் கோப்பை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துத் தரலாம். மாதிரி எடுத்து இரைச்சலைக் கழிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. நிரலைப் பகிர்வதற்கு மாறாக, நிரலுக்குள் சிக்கியிருக்கும் நம் பொருளை வெளியே எடுப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. காக்கா செய்யும் வேலையின் மேலான பகுதி அதுவே. அதை அவர் தம் விலைப்பட்டியலில்கூட எழுதி வைக்கவில்லை.

பாடல்களின் உரிமை தனிக் கேள்வி. கடைகளில் விலைக்கு விற்ற கேசட்டுகளைக் கொண்டுவந்து மாற்றிப் பலருக்குத் தரச் சொல்வோரும் அங்கே வருகிறார்கள். தாம் வாங்கிய கேசட்டைத் தாம் கேட்பதற்காக மாற்றிக்கொள்வதற்கும், பல பிரதிகள் எடுத்து விநியோகிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கேட்க வேண்டும்.

கேசட் ஒன்றுக்கு இரு பக்கமும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறார். கேசட்டின் உறையை மாற்ற வேண்டியிருந்தால் சற்றுக் கூடும். செஷன் வேலைக்குப் பாட்டின் நீளத்தையும் தடங்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். ரசீது கேட்டால் தருகிறார், கேளாவிட்டால் தருவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கடை திறந்திருக்காது. நாடாவை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் கொண்டு போங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபத்திலிருந்து பேருந்தில் சன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு போவது நல்லதல்ல.

பழைய மென்பொருள் உறையைப் பற்றி நான் பேசியபோது காக்கா கோபப்படவில்லை. அடுத்த முறை வாங்கிய பென் டிரைவில் பாடல்களும் ஆடாசிட்டியும் மட்டும் இருந்தன. ஆனால் எனக்கு மட்டும் அப்படித் தந்தாரா, எல்லோருக்கும் மாற்றிவிட்டாரா என்று விசாரிக்கவில்லை. நீங்கள் போனால் வேலையைக் கொடுக்கும்போதே இரண்டைச் சொல்லிவிடுங்கள்: செஷன் இருந்தால் எல்லாத் தடங்களும் முதல் நொடியிலிருந்து முழு நீள வேவ் கோப்பாக வேண்டும், பழைய மென்பொருள் எதுவும் சேர்க்க வேண்டாம். இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.